குடியிருக்கும் வீட்டின் தரையும் சுவரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில், தரையைப் பற்றியும் சுவரைப் பற்றியும் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் நம்முள் பலர் வாழ்வது வாடகை வீட்டில். சொந்த வீடு உடையோரும், பழைய கட்டடம் இடிக்கப்பட்டுப் புதியது எழும் வரையில், அறுபது வயதுக்கு மேல் மறுபடியும் வாடகைக் குடிகளாக ஆகியிருப்பதை மாதுங்காவின் தெருக்களில் இன்று காண்கிறோம். ‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது பழமொழி. அச்சுவர் பிறருடையதாக இருக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டைக் காலி செய்யும் நாளை எண்ணிப் பாருங்கள். சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. வீட்டுரிமையாளர் அறை அறையாகப் பார்த்து வருகிறார். சமையலறைத் தரையில் வெளிறிய வட்டம், குளியலறையில் விண்ட ஓடு, கூடத்துச் சுவரில் எண்ணெய்க் கறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை சொல்கிறார். முன்பணத்திலிருந்து அது கழிகிறது. அந்த முன்பணம் பல குடும்பங்களுக்கு மகனின் கல்லூரிக் கட்டணம். சில குடும்பங்களுக்கு அடுத்த வீட்டின் முன்பணமே அதுதான். அது குறைந்தால் அடுத்த வீடே கிட்டாது. அதோடு, அந்த உரிமையாளர் தம் வீட்டை இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்குத் தருவாரா என்பதும் நாம் விட்டுச் செல்லும் தரையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குத்தகைக்குக் குடியிருப்போரின் கடமைகளை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவில் வகுத்துரைக்கிறது. குடியேறிய நாளில் வீடு எந்த நிலையில் இருந்ததோ அதே நல்ல நிலையில் திரும்ப ஒப்படைக்கவேண்டும். ஆனால் நியாயமான தேய்மானத்துக்கும், மனித சக்தியால் தடுக்கவியலாத நிகழ்ச்சிகளால் நேரும் மாறுதலுக்கும் குடியிருப்பவர் பொறுப்பல்லர். இந்த இரண்டு விலக்குகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு வெயிலில் சுண்ண வர்ணம் மங்குவது தேய்மானம். அமிலம் ஊற்றித் தரை வெந்துபோவது சேதம். வாயிற்படியருகே கால்பட்டுக் கல் மழுங்குவது தேய்மானம். குழவி விழுந்து கல் பிளப்பது சேதம். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் பலர் மறக்கமுடியாது. அன்று தரைத்தளத்து வீடுகளில் புகுந்த வெள்ளம் கெடுத்ததற்குக் குடியிருந்தவர்மீது எவரும் பழி சுமத்த இயலாது.

இந்நகரில் இப்போது பெரும்பாலும் வழங்குவது ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்ற ஒப்பந்தம். அது சட்டப்படி குத்தகை அன்று. வீட்டைப் பயன்படுத்த அளிக்கும் அனுமதி மட்டுமே. ஆகையால் அதில் எழுதியிருக்கும் வாசகமே நமக்கு வேதம். சேதத்தைப் பற்றிய விதியைப் படியாமல் கையெழுத்திடாதீர்கள். ‘நியாயமான தேய்மானம் நீங்கலாக’ என்ற சொற்கள் அதில் இல்லாவிடில் சேர்க்கும்படி கேளுங்கள். பம்பாய் வாடகைச் சட்டம், 1947-க்குப் பதிலாக வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, இரண்டாயிரமாம் ஆண்டு மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவ்வொப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யப்படவேண்டும், பதியும் பொறுப்பு வீட்டுரிமையாளருடையது என்று அதன் 55-ஆம் பிரிவு கூறுகிறது. பகடி முறையில் பழைய வீடுகளில் இருப்போர்க்கு இதே சட்டம் வேறு பாதுகாப்பும் தருகிறது. வீட்டை நல்ல நிலையில் வைக்கவேண்டியது உரிமையாளர் கடமை. அவர் செய்யாவிடில் 15 நாள் அறிவிப்புக் கொடுத்துக் குடியிருப்பவரே பழுது பார்த்து, சட்டம் விதித்த வரம்புக்குள் வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

சட்டம் இருக்கட்டும், சான்று இல்லாத சட்டம் ஊமை. ஆகவே சாமான்கள் உள்ளே வருவதற்கு முன்பே வெறும் வீட்டை அறைவாரியாகப் படம் எடுங்கள். இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. தரையின் ஒவ்வொரு விரிசலும், சுவரின் ஒவ்வொரு ஆணித் துளையும், குழாயடியின் ஒவ்வொரு துருக்கறையும் படத்தில் இருக்கட்டும். அன்றே அவற்றை வீட்டுரிமையாளருக்கு அனுப்பி, ‘இன்ன நிலையில் வீட்டைப் பெற்றுக்கொண்டோம்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் இருந்தால் இன்னும் நன்று. இதை அவநம்பிக்கை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. இரு தரப்பார்க்கும் பின்னாளில் மனக்கசப்பு நேராமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

இனித் தரைக்கு வருவோம். நம் நகரத்து வீடுகளில் எத்தனை வகைத் தரைகள்! மாதுங்காவின் பழைய மாடி வீடுகளில் பூவேலை செய்த சிமெண்டுக் கற்களைக் காணலாம். அந்நியக் கற்களுக்குப் பதிலாகச் சுதேசிக் கற்கள் செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு 1922-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத் கம்பெனியின் கற்கள் இந்நகரில் பெயர் பெற்றவை. நம் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கற்களுக்கு அவை உறவுமுறை. கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, வர்ணம் கலந்த சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து இறுகச் செய்வதே ஆத்தங்குடி முறை. அதைச் சூளையில் சுடுவதில்லை. அடுத்தது மொசைக், பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்துத் தேய்த்து மெருகேற்றுவது. இராஜஸ்தானத்திலிருந்து வரும் கோட்டாக் கல், கருநாடகத்திலிருந்து வரும் ஷாஹாபாத் கல், பளிங்கு ஆகியவை வேறு.

பெயர் பல, ஆனால் இவையெல்லாம் ஒரே குலம். பளிங்கும் கோட்டாவும் ஷாஹாபாதும் சுண்ணாம்பின் இனத்துக் கற்கள். சிமெண்டிலும் சுண்ணாம்பே அடிப்படை. சுண்ணாம்புக்குப் பகை புளிப்பு. நம் சமையலோ புளிப்பில்லாமல் நடவாது! புளித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மோர், இரசம், ஊறுகாய் இவற்றுள் எது சிந்தினும், அதிலுள்ள அமிலம் கல்லின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. மெருகு போய் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். பலர் அதைக் கறை என்று எண்ணித் தேய்க்கிறார்கள். அது கறையன்று, காயம். காயத்தைத் தேய்த்தால் பெரிதாகுமே அன்றி ஆறாது. மெருகுப் பொறி கொண்டு மீண்டும் பட்டை தீட்டினாலன்றி அது மறையாது.

ஆகவே புளிப்புள்ளது சிந்திய உடனே துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், பரப்பித் துடைக்கலாகாது. பிறகு வெறும் தண்ணீர். தேவையானால் மட்டும் மென்மையான சோப்பு நீர். அதன்பின் மறுபடியும் வெறும் தண்ணீர். கழிப்பறைக்கென்று விற்கும் ஆசிட்டை இத்தரைகளில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். தீபாவளிக்கு முன் வீட்டைப் ‘பளிச்’சென்று ஆக்கவேண்டும் என்ற ஆவலில் வேலையாள் ஊற்றும் ஒரு குப்பி ஆசிட், பத்தாண்டுத் தேய்மானத்தை ஒரே காலையில் செய்துவிடும். காடியும் எலுமிச்சையும் கொண்டு தரை துடைக்கும் புதிய வழக்கமும் இக்கற்களுக்கு ஆகாது. கிரானைட்டும், மிக்க வெப்பத்தில் சுட்ட விட்ரிபைட் ஓடுகளும் சமையல் புளிப்புக்கு அஞ்சுவதில்லை; எனினும் ஓடுகளுக்கு இடையே அடைத்திருப்பது பெரும்பாலும் சிமெண்டுதான். அன்றியும் அந்த ஓடுகள் பாரம் விழுந்தால் மூளியாகிவிடும்.

எண்ணெய் வேறு விதம். அது கல்லை அரிப்பதில்லை. நுண்துளைகளுக்குள் இறங்கிக் கருமையாகத் தங்குகிறது. சாக்குக்கட்டிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கனமாக அப்பி, ஓர் இரவு உலரவிட்டு எடுத்தால், பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வரும். ஒரே தடவையில் போகாவிடில் மறுபடியும் செய்யலாம். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம்; காரம் பட்டால் மஞ்சளின் வண்ணம் அப்படி மாறும். மஞ்சளுக்கு வெயில் பகை. துணியிலோ ஜமக்காளத்திலோ பட்டிருந்தால் அலசி நல்ல வெயிலில் காயவிடுங்கள், நாளடைவில் மங்கிவிடும்.

துருக்கறை இன்னும் கொடியது. சமையல் வாயு உருளையின் இரும்பு வளையம் ஈரத்தரையில் நின்றால், சில வாரங்களில் செந்நிற வட்டம் ஒன்றைப் பதித்துவிடும். கல்லில் இறங்கிய துரு எளிதில் போகாது. 14.2 கிலோ வாயுவும் ஏறக்குறைய அதே அளவு எடையுள்ள இரும்பும் சேர்ந்த அந்த உருளையை இழுத்து நகர்த்தினால் கோடும் விழும். சக்கரம் வைத்த தாங்கி ஒன்று வாங்கிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். பீரோவை நகர்த்துகையில் பழைய கம்பளித் துண்டை நான்காக மடித்துக் கால்களின் கீழ் இட்டு மெல்ல வழுக்கிச் செல்லுங்கள். மாவரைக்கும் கிரைண்டரின் அடியில் தடித்த சாக்கு விரிப்பு வேண்டும், கீழ்வீட்டாரும் வாழ்த்துவர்!

கோலத்தை விட்டுவிடச் சொல்கிறேனா? ஒருநாளும் இல்லை. அரிசிமாக் கோலம் எந்தத் தரையையும் கெடுப்பதில்லை. ஆனால் காவி அப்படியன்று. காவி என்பது இரும்பு கலந்த மண், நீரில் கரையாது, மொசைக்கின் நுண்துளையில் புகுந்தால் வெளிவராது. பெயிண்டுக் கோலமும் ஒட்டுக் கோலமும் அவ்வாறே தடம் விடும். காவிக்கென்று ஒரு மரப்பலகையை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் அடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தால் எண்ணெயும் குங்குமமும் அதிலேயே அடங்கும்.

விரிப்புகளைப் பற்றிச் சில சொற்கள். பவானி ஜமக்காளமும் பத்தமடைக் கோரைப்பாயும் நம் வீடுகளில் தரைக்கு அழகும் காப்பும் ஆகும். எனினும் சாயம் விடும் விரிப்பை ஈரத்தரையில் போட்டால் வெண்பளிங்கு சிவந்துபோகும். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் சில முறை தனியே அலசிய பிறகே விரிக்கவேண்டும். வீட்டுரிமையாளரின் கம்பளம் விரித்த வீடாயின், நடமாடும் இடத்தில் அதன்மேல் ஒரு ஜமக்காளம் விரித்துக்கொள்வது நலம். காப்பி கொட்டினால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் குளிர்ந்த நீரால் ஒற்றி எடுக்கவேண்டும். வெந்நீர் பட்டால் பால் இறுகிக் கறை நிலைத்துவிடும். பிறகு மின்விசிறியின் கீழ் அன்றே உலரவிட வேண்டும்.

இந்நகரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை, சென்னை ஓராண்டு முழுவதும் காணும் மழையைவிட மிகுதி. அந்த நான்கு மாதமும் ஈரமே நம் பகைவன். கம்பளங்களை மே மாத வெயிலில் நன்கு காயவைத்து, உலர்ந்த வேப்பிலையோடு சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் கட்டி உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பூக்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி வைத்தால் இடையே காற்றோடும். சதுப்பு நிலத்தின்மேல் எழுந்த தாராவியில் ஈரம் தரையிலிருந்தே மேலேறுகிறது. அங்கே பாயையும் மெத்தையையும் பகலில் எடுத்து நிறுத்தி வைப்பது விரிப்பையும் காக்கும், தரையையும் காக்கும், பிள்ளைகளின் மார்பையும் காக்கும்.

சுவரிலே ஒழுக்கு கண்டால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ‘அடுத்த மாதம் சொல்லலாம்’ என்று இருந்துவிட்டால், உள்ளங்கை அளவு ஈரம் சுவர் முழுதும் பரவும். அப்போது பழி யார்மீது என்ற வழக்கும் பரவும். ஆணி அடிக்குமுன் உரிமையாளரைக் கேளுங்கள். மின்விசைப் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடாதீர்கள். அவ்வழியாகத்தான் மின்கம்பிகள் செல்வது வழக்கம். அது சுவருக்கன்றி உயிருக்கே ஆபத்து. குளியலறைத் தரையைத் துளைத்தால் நீர்க்காப்புக் கெட்டுக் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். டிஸ்டெம்பர் பூசிய சுவரை ஈரத்துணியால் தேய்த்தால் கறையோடு வர்ணமும் வந்துவிடும். விளக்குப் புகைக்கரியை முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்கவேண்டும். நனைத்தால் அது மையாகிவிடும். தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சுவரில் சாய்வது நம் பரம்பரைப் பழக்கம். பழக்கத்தை மாற்றுவதைவிடச் சாயும் இடத்தில் ஒரு பாயைத் தொங்கவிடுவது எளிது!

சேதம் நேர்ந்தே விட்டால் மறைக்காதீர்கள். விண்ட ஓட்டின்மேல் பாயை விரித்து வைப்பது காலி செய்யும் நாள்வரைதான் உதவும். நேர்ந்த அன்றே சொல்லி, நாமே நல்ல கொத்தனாரைக் கொண்டு சரி செய்து, இரசீதை வைத்துக்கொண்டால் செலவும் குறையும். நம் சொல்லுக்கு மதிப்பும் கூடும். அவ்வாறே, நாம் செய்யாத சேதத்துக்குத் தொகை கேட்டால் அஞ்சி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. முதல்நாள் எடுத்த படத்தை மரியாதையோடு காட்டுங்கள். செலவுக்குரிய இரசீதைக் கேளுங்கள். மரியாதையும் உறுதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இந்தக் காவல் வேலை முழுவதையும் இல்லத்தரசியின் தலையில் சுமத்திவிட்டு, ஆடவர் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பது முறையன்று. பீரோவை இழுப்பவர் பெரும்பாலும் நாம்தாம். கோட்டுக்குப் பொறுப்பும் நமதே. ஆனால் எல்லாவற்றிலும் முதன்மையான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அச்சத்தால் வீட்டைப் பொருட்காட்சிச் சாலை ஆக்கிவிடாதீர்கள். ‘ஓடாதே, தொடாதே, இது நம் வீடு அன்று’ என்று நாள்தோறும் கேட்டு வளரும் குழந்தை, எந்த ஊரையும் தன் ஊராக எண்ணாது. சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஒரு தாளை ஒட்டவேண்டாம், கட்டித் தொங்கவிடுங்கள். அதில் அது கிறுக்கட்டும். நவராத்திரியில் கொலுப்படி ஏறட்டும். படியின் கீழே ஒரு பழந்துணி இருக்கட்டும். மார்கழியில் கோலம் மலரட்டும். சட்டமே தேய்மானத்தை மன்னிக்கிறது. வாழ்கிற வீடு சிறிது தேயத்தான் செய்யும். தேய்வது குற்றமன்று, சிதைப்பதே குற்றம் என்ற வேறுபாட்டை அறிந்து வாழ்வோமானால், நாம் விட்டுச் செல்லும் வீட்டில் அடுத்து வருபவர் மனமுவந்து விளக்கேற்றுவர். நம் முன்பணமும் குறைவின்றி நம் கைக்கு வரும்.